ஊரார் எழுதி முடிக்கும் சுவர்

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் பெருஞ்சாலையில் பனவடலிசத்திரம் இருக்கிறது. வடலி என்றால் இளம்பனை என்பது இப்பகுதி மக்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்மையில் இவ்வூர்ப் பகுதியைச் சேர்ந்த இளைஞர் அறுவர் நமது அலுவலகத்திற்கு ஒரு மனுவுடன் வந்தனர். அவர்களுள் இருவர் பெண்கள். சாலை வேண்டும், தெருவிளக்கு வேண்டும் என்னும் மனுக்களையே நாடோறும் படித்துப் பழகிய நமக்கு அம்மனு சற்றுப் புதுமையாக இருந்தது. பேருந்து நிற்குமிடத்திற்கு அருகே ஊராட்சிக்குச் சொந்தமான சுவர் ஒன்று உள்ளது. அதனைக் கரும்பலகையாக மாற்ற அனுமதி வேண்டும். அமெரிக்கக் கலைஞர் ஒருவர் செய்ததைக் கண்டு, நம்மூருக்கு ஏற்றவாறு தாங்களே அதனைச் செய்யவிருக்கிறோம். பணம் வேண்டா, அனுமதி ஒன்றே போதும் என்று அவர்கள் எழுதியிருந்தனர்.

ஊராட்சிக் கூட்டத்தில் இம்மனுவை எடுத்துரைத்தபோது உறுப்பினர்கள் இரண்டு வினாக்களை எழுப்பினர். சுவருக்குக் கறுப்பு வண்ணம் பூசுவதில் கலை எங்கே இருக்கிறது என்பது ஒன்று. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டுவிட்டால் ஊரில் வீண் சண்டை வளராதா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை சொல்வது எளிது. இரண்டாவது அத்துணை எளிதன்று. நம் பகுதியின் நிலையை நன்கறிந்தவர்கள் கேட்ட வினா அது. மற்ற ஊர்களிலும் இளைஞர்கள் இத்தகைய யோசனையுடன் வரக்கூடும். ஆதலின் இவ்விரண்டையும் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கலைப்பொருள் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன சிலையும் ஓவியமுமே. கழுகுமலைக்குச் சென்றவர்கள் வெட்டுவான் கோவிலைக் கண்டிருப்பார்கள். எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், மலைப்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய ஒற்றைக் கற்கோவில் அது. வேலை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. அங்கே செல்லும் நாம் சிற்பியின் கைத்திறனை வியந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறோமேயன்றி, எஞ்சிய வேலையை முடித்து வைப்போம் என்று உளியைக் கையில் எடுப்பதில்லை; எடுக்கவும் கூடாது. செய்பவர் வேறு, பார்ப்பவர் வேறு என்பது அக்கலையின் முறை.

சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் மேல்நாடுகளிலும், பின்னர் நம் நாட்டிலும் வேறொரு முறை பரவியது. ஓர் அறையையோ முற்றத்தையோ சுவரையோ முழுவதுமாக ஒரு கலைப்படைப்பாக அமைத்து வைப்பது அம்முறை. இதனை நிறுவற்கலை என்று வழங்குகின்றனர். அதிலும் ஒரு வகையில், கலைஞர் வேண்டுமென்றே வேலையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார். மீதியைச் செய்ய வேண்டியவர்கள் பார்க்க வருபவர்களே. ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா, 2002ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள குயின்ஸ்லாந்து கலைக்கூடத்தில் குழந்தைகளுக்காக ஓர் அறையை அமைத்தார். சுவர், மேசை, நாற்காலி யாவும் வெள்ளை. உள்ளே வரும் குழந்தைகளின் கையில் வட்ட வடிவமான வண்ண ஒட்டுத்தாள்கள் கொடுக்கப்பட்டன. விரும்பிய இடத்தில் ஒட்டலாம். நாட்கள் செல்லச் செல்ல வெள்ளை மறைந்து அறை முழுவதும் வண்ணமயமாயிற்று. அவ்வறையைச் செய்தவர் யார் என்று கேட்டால் குசாமா என்றும் சொல்லலாம். பெயர் தெரியாத குழந்தைகள் என்றும் சொல்லலாம்.

நம் இளைஞர்கள் கண்டு வியந்தது இதே வகையைச் சேர்ந்த மற்றொரு படைப்பாகும். அமெரிக்காவின் தென்பகுதியில் நியூ ஆர்லியன்ஸ் என்னும் நகரம் உள்ளது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கத்ரீனா என்னும் பெரும்புயல் தாக்கியபோது, கரைகள் உடைந்து நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. பல்லாயிரவர் ஊரைவிட்டுச் சென்றனர்; அவர்களுள் பலர் திரும்பவில்லை. பூட்டிய வீடுகளும் பாழ்மனைகளும் தெருத்தோறும் நின்றன. அந்நகரில் வாழ்ந்த கேண்டி சாங் என்னும் கலைஞர், தமக்குத் தாய்போல் இருந்த ஒருவரை எதிர்பாராமல் இழந்து துயருற்றிருந்தார். 2011ஆம் ஆண்டில், தம் வீட்டிற்கு அருகே பாழடைந்து கிடந்த ஒரு வீட்டின் பக்கச் சுவருக்குக் கரும்பலகை வண்ணத்தைப் பூசினார். சாவதற்கு முன் நான் விரும்புவது இன்னது என்று பொருள்படும் முற்றுப்பெறாத ஒரு வாக்கியத்தை, அச்சுத் தகடு கொண்டு வரிவரியாக அதில் பதித்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் வெற்றிடம் விட்டார். அருகே சுண்ணக்கட்டிகளை வைத்துவிட்டு வீடு திரும்பினார். கலைஞர் செய்த வேலை அவ்வளவே.

மறுநாளைக்குள் வெற்றிடங்கள் யாவும் நிரம்பிவிட்டன. மரம் ஒன்று நட வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பிரிந்தவளை இன்னொருமுறை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கடற்கொள்ளைக் குற்றத்திற்காக நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்று வேடிக்கையாக எழுதியவரும் உண்டு. பல ஆண்டுகளாக ஒரே தெருவில் வசித்தும் ஒருவர் மனத்தை ஒருவர் அறியாதிருந்தவர்கள் அச்சுவரின் முன் நின்று படித்தனர். செய்தி பரவவே, எங்கள் ஊரிலும் இதனைச் செய்யலாமா என்று பலரும் கேட்டு எழுதினர். செய்முறையைக் கேண்டி சாங் யாவருக்கும் வழங்கினார். அதன் பின்னர் 75க்கும் மேற்பட்ட நாடுகளில் 5,000க்கும் மேற்பட்ட இத்தகைய சுவர்கள் எழுந்துள்ளன. அவரவர் ஊரில் அவரவர் மொழியில் அவற்றைச் செய்தவர்களுள் மாணவர்களும் இளைஞர்களும் மிகப் பலர்.

இதில் ஊராட்சியினர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கேண்டி சாங் இரவோடிரவாகச் சென்று சுவருக்கு வண்ணம் பூசிவிடவில்லை. வீட்டின் உரிமையாளர், அத்தெருவில் குடியிருப்போர், அவர்களுடைய சங்கத்தினர், நகரத் திட்டக் குழுவினர் ஆகியோரின் இசைவைப் பெற்ற பின்பே வேலையைத் தொடங்கினார். நம் மாநிலத்திலும் பொது இடங்கள் உருச்சிதைவதைத் தடுப்பதற்காக 1959ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றி எழுதுவது குற்றமாகும். நம் இளைஞர்கள் மனுவுடன் வந்ததையே நாம் முதற்கண் பாராட்டினோம்.

சென்னைக் கண்ணகி நகரில் 2020ஆம் ஆண்டில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சுவர்களில் மிகப் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. அதுபோல நமக்கும் அழகான படம் வரைந்தால் என்ன என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குத் தேர்ந்த ஓவியர்கள் வேண்டும், சாரம் வேண்டும், பொருட்செலவும் வேண்டும். அன்றியும் அது பார்ப்பதற்குரிய படைப்பு. இளைஞர்கள் கேட்பதோ ஊரார் கைவைக்கும் படைப்பு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஊரார் கைவைக்கும் கலை நமக்குப் புதிதும் அன்று. மார்கழி மாதத்தில் வீதியெங்கும் கோலம் இடப்படுவதை எண்ணிப் பாருங்கள். புள்ளி வைக்கும் முறை ஒன்றே. இழுக்கும் கோடு அவரவர் கை. 2021ஆம் ஆண்டு சனவரியில் கமலா ஆரிஸ் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். அவருடைய தாய்வழி முன்னோரின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். அப்பொழுது மேரிலாந்து மாநிலத்தில் வாழும் சாந்தி சந்திரசேகர் என்னும் கலைஞரும் அவருடைய நண்பர்களும் ஓர் ஏற்பாடு செய்தனர். நோய்த்தொற்றுக் காலமாதலால் ஒன்றுகூட இயலாது. ஆகவே அவரவர் வீட்டிலிருந்தபடியே அட்டைகளில் கோலமிட வேண்டும், அவற்றைச் சேர்த்து ஒரே பெருங்கோலமாக அமைக்கலாம் என்பது திட்டம். அமெரிக்காவிலும் இந்தியாவிலுமாக 1,800க்கும் மேற்பட்டோர், சிறுவர் முதல் முதியோர் வரை, கோலமிட்டனர். பாதுகாப்புக் காரணங்களால் வாஷிங்டன் நகரில் அதனை வெளியில் பரப்பி வைக்க இயலாமற்போய், படமாக்கிக் காட்டப்பட்டது. கோலம் தெரியாத அமெரிக்கக் குடும்பங்கள் கூட இதில் கலந்துகொண்டன என்பது நமக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தி.

இனி, நம்மூர்ச் சுவரில் எழுத வேண்டிய வாக்கியம் யாது? சாவதற்கு முன் என்று தொடங்கும் சுவரைப் பேருந்து நிற்குமிடத்தில் வைத்தால் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? வாயில் நல்ல வார்த்தை வராதா என்று கேட்கமாட்டார்களா? நாம் இவ்வாறு தயங்கியபோது, வந்திருந்த பெண்களுள் ஒருவர், "எங்கள் பாட்டி நாள்தோறும் சொல்வதுதானே ஐயா! பேரன் கலியாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்கிறார்களே!" என்றார். நமக்கு விடை சொல்லத் தோன்றவில்லை. அமெரிக்கக் கலைஞர் சுவரில் எழுதிய வினா, நம் வீட்டுத் திண்ணைகளில் என்றுமே கேட்டுக்கொண்டிருக்கும் வினாதான்.

நமது விருப்பம் வேறொன்றாக இருந்தது. அதே கேண்டி சாங் 2010ஆம் ஆண்டில், அதே நகரில், பூட்டிக் கிடந்த கட்டடங்களில் சிறு ஒட்டுத்தாள்களை ஒட்டினார். இந்த இடம் இன்னதாக இருந்தால் நலம் என்னும் பொருளில் ஒரு தொடர் அவற்றில் அச்சிடப்பட்டிருந்தது; மீதியை வழிப்போக்கர்கள் எழுதினர். காய்கறிச் சந்தை வேண்டும், பொதுத் தோட்டம் வேண்டும் என்றெல்லாம் எழுதினர். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதற்கு இது மிகவும் உதவும் அன்றோ என்று நாம் எடுத்துச் சொன்னோம். இளைஞர்கள் மரியாதையுடன் கேட்டனர், ஆனால் இணங்கவில்லை. மனு எழுதுவதற்குத்தான் அலுவலகம் இருக்கிறதே, சுவரையும் மனுப்பெட்டியாக்க வேண்டுமா என்பது அவர்கள் கருத்து. ஒரு நாள் யோசித்துவிட்டு மறுநாள் வந்து, தாங்களே ஒரு வாக்கியத்தைச் சொன்னார்கள்: "கண்ணை மூடுமுன் நம்மூரில் நான் பார்க்க வேண்டியது" என்று எழுதி வெற்றிடம் விடுவது. இது நம் வாக்கியத்தினும் நன்றாக இருப்பதை ஒப்புக்கொள்கிறோம். குளம் நிறைவதைப் பார்க்க வேண்டும் என்று ஓர் உழவர் எழுதலாம். யானை வருவதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு குழந்தை எழுதலாம். யானையை அழிக்க வேண்டா.

இப்பொழுது இரண்டாவது வினாவுக்கு வருவோம். நம் தென்மாவட்டங்களில் சுவரும் மின்கம்பமும் பாலத்துக் கைப்பிடியும் என்னென்ன வண்ணங்களைத் தாங்கி நிற்கின்றன என்பது யாவரும் அறிந்தது. பள்ளிச் சிறுவர்களின் மணிக்கட்டு வரை அவ்வண்ணம் வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டு நாங்குநேரியில் நடந்த கொடுமைக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் அணிவதைத் தடுக்க வேண்டுமென்று பரிந்துரைத்திருக்கிறது. இத்தகைய இடத்தில் யாவரும் எழுதலாம் என்று ஒரு சுவரைத் திறந்துவைப்பது எளிய காரியமன்று.

இதனைப் பட்டறிந்தே சொல்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் நாம் பணியாற்றியபோது, ஓர் ஊரில் இளைஞர்களைக் கொண்டு இதுபோன்ற ஒரு பலகைச் சுவரை அமைத்தோம். மேலே திட்டத்தின் பெயர், அதன் கீழே அதிகாரிகள் பெயர், மதிப்பீட்டுத் தொகை என்று பாதிச் சுவரை நாமே நிரப்பிவிட்டோம். எஞ்சிய இடம் ஊராருக்கு. மூன்றாம் நாள் இரவு யாரோ ஒரு சாதியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டார். விடிந்ததும் மற்றொரு சாரார் அதன்மேல் எழுதினர். நான்காம் நாள், நமது உத்தரவின்படி சுவர் முழுவதும் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. நூலகம் வேண்டும் என்று ஒரு சிறுமி எழுதியிருந்ததும் அதனுடன் போயிற்று. வண்ணம் பூசிய இளைஞர்கள் சற்றுத் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன்பின் அவ்வூர்க் கிராமசபைக் கூட்டங்களில் அவர்களை நாம் காணவில்லை.

அவ்விரண்டு வரிகளை எழுதியவர்கள் மீது பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பிக்க இயலாது. நாம் தேர்ந்தெடுத்த சுவர் ஒரு தெருவாருக்குச் சொந்தமான சாவடியை ஒட்டியிருந்தது. மற்றத் தெருவார் அங்கே நின்று எழுதத் தயங்குவர் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. நாள்தோறும் சுவரைப் பார்த்துக்கொள்ள எவரையும் நியமிக்கவில்லை. தகாத இரு வரிகளை ஈரத்துணியால் துடைத்திருந்தால் போதும். அச்சத்தில் எல்லாவற்றையும் அழித்தோம்.

ஆதலால் பனவடலிசத்திரம் இளைஞர்களுக்கு நாம் வற்புறுத்திச் சொன்னது இடத்தைப் பற்றித்தான். எல்லாத் தெருவாரும் தம் வேலையாக வந்து நிற்கும் இடமாக அது இருக்க வேண்டும். பேருந்து நிற்குமிடம், நியாயவிலைக் கடை, நூலகம் ஆகியவை தக்கவை. கோவில் மதில், சங்கக் கட்டடம், தனியார் வீட்டுச் சுவர் ஆகியவை ஆகா. சாதிப் பெயர், கட்சிப் பெயர், தனி மனிதர் பெயர் ஆகிய மூன்றும் சுவரில் இடம்பெறலாகாது என்பதைக் கிராமசபையிலேயே தீர்மானமாக நிறைவேற்றிச் சுவரின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும். இவ்விதி ஊராட்சித் தலைவருக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும். திறப்புவிழாக் கல்லுக்கு அச்சுவரில் இடமில்லை. காலையும் மாலையும் சுவரைப் பார்த்து, விதிக்கு மாறான வரியை மட்டும் துடைக்கும் பொறுப்பை, வெவ்வேறு தெருக்களைச் சேர்ந்த நால்வர் முறைவைத்து ஏற்க வேண்டும். ஒருவர் கையில் மட்டும் துணியைக் கொடுத்தால் அவர் தமக்கு வேண்டாதவர் எழுதியதையெல்லாம் துடைப்பார்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பழைய சுண்ணாம்புப் பூச்சின்மேல் வண்ணம் நில்லாது, உரிந்துவிடும். நன்கு சுரண்டி, விரிசல்களைச் சிமெண்டால் அடைத்து, காய்ந்தபின் பிரைமர் ஒருமுறையும் கரும்பலகை வண்ணம் இருமுறையும் பூச வேண்டும். 20 அடி நீளச் சுவரில், தரையிலிருந்து ஓரடி விட்டு ஆறடி உயரம் வரை பூசினால் 100 சதுர அடி ஆகிறது. வழவழப்பான சுவரானால் மூன்று லிட்டர் அளவில் வண்ணம் தேவைப்படும், சொரசொரப்பானால் கூடுதலாகும். மூன்று நாள் காயவிட்டு, சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்துச் சுவர் முழுவதும் ஒருமுறை தேய்த்துத் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் முதலில் எழுதிய எழுத்தின் தடம் போகவே போகாது. பள்ளி ஆசிரியர்கள் இதனை அறிவர்.

வரிகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கி ஐந்தரை அடி வரை, அரையடிக்கு ஒன்றாக நான்கு பத்திகளில் அமைத்தால் 32 வரிகள் கிடைக்கும். அடிவரிகள் குழந்தைகளுக்கும், சக்கர நாற்காலியில் வருவோருக்கும் எட்டும். எழுத்தை வெட்டுவதற்குத் தகரம் போதும். ஃபிளெக்ஸ் பலகைகள் வந்தபின் வேலை குறைந்துபோன எழுத்து ஓவியர்கள் நம் வட்டாரத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரை அழைத்து, உரிய கூலி கொடுத்து, இளைஞர்களுக்கு எழுத்து வெட்டக் கற்பிக்கச் செய்யலாம். கணினி எழுத்தைவிட அவர்களுடைய தமிழ் எழுத்து அழகானது என்பது நமது கருத்து.

ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்வழி வரும் காற்று எத்துணைப் புழுதியைக் கொண்டுவரும் என்பதற்கு இங்கே நிற்கும் காற்றாலைகளே சாட்சி. மேற்குப் பார்த்த சுவரானால் எழுத்து மங்கிக்கொண்டேயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முழுவதும் கரைந்துவிடும். இதனைக் குறையாகக் கொள்ள வேண்டா. கரைந்தால்தான் அடுத்தவர் எழுத இடம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் சுவரைக் கழுவுமுன் அதிலுள்ளவற்றை எழுத்து மாறாமல் ஒரு குறிப்பேட்டில் படியெடுத்து வைக்க வேண்டும். ஒரு புகைப்படமும் எடுக்கலாம்.

எழுதத் தெரியாத முதியோரை மறந்துவிடலாகாது. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித்தர மாணவர் ஒருவர் மாலைவேளையில் அங்கே இருப்பது நன்று. சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். திருத்தி எழுதக் கூடாது. பெண்கள் பலர் பேருந்து நிற்குமிடத்தில் நின்று எழுதக் கூசுவர் என்பதும் உண்மையே. நூறுநாள் வேலை நடந்த இடங்களிலும் நியாயவிலைக் கடை வரிசையிலும் பெண்கள் தம்முள் எவ்வளவு விஷயங்களைப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். கிராமசபையில் அவர்களுள் பலர் வாய்திறப்பதில்லை. இளம்பெண்கள் இருவர் இக்குழுவில் இருப்பது இதற்குப் பெரிதும் உதவும். வீட்டுத் திண்ணைக்கே சென்று கேட்டு வந்து சுவரில் எழுதுவதாக அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

படியெடுத்த குறிப்பேட்டை ஆண்டில் ஆறுமுறை கூடும் கிராமசபையில் தொடக்கத்திலேயே படித்துவிட வேண்டும் என்பது நாம் கேட்டுக்கொண்ட ஒரே சலுகை. எழுதியவர் யார் என்று எவரும் கேட்கலாகாது என்னும் நிபந்தனையின்பேரில் இளைஞர்கள் இதற்கு இசைந்தார்கள். குளம் தூர்வாருவது போன்றவை வந்தால் வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கலாம். மகன் வெளிநாட்டிலிருந்து திரும்புவதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாய் எழுதியிருந்தால் அதற்கு மதிப்பீடு தயாரிக்க நம்மால் ஆகாது; ஆயினும் அதையும் படிக்க வேண்டும்.

அடுத்த கிராமசபையில் இம்மனு முறைப்படி எடுத்துக்கொள்ளப்படும். அதற்குமுன் பழைய சுவரொட்டிகளைக் கிழித்துச் சுரண்டிக்கொள்ள மட்டும் ஊராட்சி இசைவளித்திருக்கிறது; வேலை நடந்து வருகிறது. சுண்ணக்கட்டியைச் சுவரருகே வைத்தால் திருட்டுப்போகுமே என்று ஓர் உறுப்பினர் கவலைப்பட்டார். போனால் போகட்டும், அதுவும் எங்காவது எழுதத்தான் பயன்படும் என்றார் இளைஞருள் ஒருவர். பெட்டி வாங்கும் செலவும் இல்லை. பனையோலைக் கொட்டான் ஒன்றை ஆணியில் தொங்கவிடப் போகிறார்களாம்.